நூற்று அறுபத்து நான்கு பஃப்

பள்ளியின் மருத்துவ அறையில் ஒரு கட்டில் போட்டிருந்தது. இன்ஸ்பெக்டரம்மாவின் கண் முதலில் அதன்மேல்தான் போனது. சலவை வெள்ளையில் விரிப்பு, மெலிந்த தலையணை, மேலே மெல்லச் சுற்றும் மின்விசிறி. மூன்று நாளாக விடாத சளி, காலையிலிருந்து ஏறி இறங்கிய படிகள், ஐம்பத்தெட்டு வயது எல்லாம் சேர்ந்துகொண்டு, வந்த வேலையை அப்படியே விட்டுச் சாய்ந்துவிட்டால் என்ன என்று அவரைக் கேட்டன.

"அண்ணி, அது நோயாளிங்களுக்கு," என்றான் மைக், காதோடு. "நமக்கு வெறும் வயசுதான் ஆயிருக்கு."

ஊரே இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிட்டாலும் அவர் போலீஸில் இருந்தவர் இல்லை. இருபத்தேழு வருஷம் எடை, அளவுத் துறையில் ஆய்வாளர். தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய காந்தம், பெட்ரோல் பங்க் மீட்டருக்குள் தேய்த்துவிட்ட பல்சக்கரம், அடியை உள்ளே தட்டிய லிட்டர் குவளை என்று கண்டுபிடித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாடிப்படிக்குக் கீழே அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். மைக் அவருடைய மறைந்த கணவரின் தம்பி. பஸ் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்ததால் அந்தப் பட்டப்பெயர். பதிவு செய்த குரல் வந்ததும் அவனுக்கு வேலை போயிற்று. குரல் போகவில்லை.

முந்தின நாள் மாலை அவர்களைத் தேடி வந்தது லாண்டரியில் இஸ்திரி போடுகிற ஒரு பெண். அவளுடைய பன்னிரண்டு வயது மகளுக்கு ஆஸ்துமா. திங்கட்கிழமை பி.டி. பீரியடில் மைதானத்திலேயே மூச்சு முட்டி விழுந்துவிட்டாள். அவளுக்கென்று பள்ளியில் கொடுத்து வைத்திருந்த இன்ஹேலரை எடுத்து அழுத்தினால், வெறும் காற்று. மருத்துவ அறைக்குத் தூக்கி வந்தார்கள். நர்ஸ் வேறொரு பிள்ளையின் இன்ஹேலரை எடுத்துக் கொடுத்து உயிரைக் காப்பாற்றினார். அந்த நர்ஸைத்தான் இப்போது வேலையை விட்டு அனுப்பப் பார்க்கிறார்கள்.

"என் பொண்ணோட உசுரக் காப்பாத்தினவங்க மேல திருட்டுப் பட்டம் கட்டறாங்கம்மா," என்றிருந்தாள் அந்தத் தாய். "நாளைக்கு நாலு மணிக்கு ஸ்கூல் கமிட்டி கூடுது. அதுக்குள்ள உண்மை தெரியணும்."

இப்போது மணி பத்தே கால்.

தலைமையாசிரியை கதவருகே நின்றபடியே ஒரு சிறு புத்தகத்தை நீட்டினார். அட்டையில் 'மாணவர் உடல்நலமும் மருந்துகளும்: பள்ளி விதிகள்' என்று அச்சிட்டிருந்தது. அவருக்கும் இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்பது கண்ணுக்குக் கீழே எழுதியிருந்தது.

"எல்லாம் இதுல இருக்கு. நான் யாருக்கும் எதிரி இல்ல. ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. அதுக்கு யார் பதில் சொல்றது?"

மைக் புத்தகத்தை வாங்கிப் பிரித்தான். தொண்டையைச் செருமினான். பஸ் நிலையமே எழுந்து வந்துவிட்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. விதி நான்கு. எந்த மாணவரும் எந்த மருந்தையும் தம்மிடம் வைத்திருக்கக் கூடாது. விதி ஐந்து. மருத்துவர் கடிதம், பெற்றோர் கையொப்பம் இரண்டும் இருந்தால் மட்டுமே மருந்து ஏற்கப்பட்டு, பூட்டிய அலமாரியில் வைக்கப்படும். விதி ஆறு. கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். விதி ஏழு. ஒருவரின் மருந்தை எக்காரணம் கொண்டும் மற்றவருக்குக் கொடுக்கலாகாது. விதி எட்டு. மாணவர் மைதானத்துக்குச் செல்லும்போது அவருடைய மருந்து சிவப்புப் பையில் விளையாட்டு ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டு, பீரியட் முடிந்ததும் திரும்பப் பெறப்படும்."

"மூச்சு விடறதுக்கு விதி உண்டா?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினான். தலைமையாசிரியை சிரிக்கவில்லை.

நர்ஸ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கேட்டால் மட்டும் பேசினார். பேசும்போதே வாசலில் மூக்கில் ரத்தம் வழிய ஒரு பையனும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்களும் வந்து நின்றார்கள். மூவரையும் கவனித்து அனுப்பிவிட்டுத்தான் பதிலை முடித்தார்.

"பிள்ளைங்க எத்தனை பேர் மேடம் இங்க?"

"ஆயிரத்து நூத்தி நாப்பது."

"நர்ஸ்?"

"நான்தான்."

இன்ஸ்பெக்டரம்மா அந்த இன்ஹேலரைக் கேட்டு வாங்கினார். நீல நிறம். பின்பக்கம் சின்ன ஜன்னல் போல ஒரு கட்டம். உள்ளே மிச்சம் எத்தனை என்று காட்டும் எண். இப்போது மூன்று பூஜ்யம்.

"புதுசா இருக்கும்போது இதுல எவ்வளவு?"

"இருநூறு பஃப். ஒரு தடவை அழுத்தினா ஒரு பஃப். இந்தப் பருவம் ஆரம்பிச்ச அன்னிக்கு அவங்க அம்மா புதுசா குடுத்தாங்க. முழுசா பதினாலு வாரம் ஆச்சு. அடுத்த திங்கட்கிழமைதான் அவ விழுந்தது."

"பதிவேட்டுல எவ்வளவு எழுதியிருக்கீங்க?"

"முப்பத்தாறு."

"மிச்சம் நூத்தி அறுபத்தி நாலு எங்கன்னுதான் கேள்வி," என்றார் தலைமையாசிரியை. "அவங்க யாருக்கோ குடுத்திருக்காங்க. இல்ல, எழுதாம விட்டிருக்காங்க. எப்படிப் பாத்தாலும் அவங்கதான்."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். "நான் எழுதாம யாருக்கும் குடுத்ததில்ல. ஆனா பை திரும்பி வரும்போது அந்த எண்ணைப் பாத்திருக்கணும். பாக்கல. பாதி நாள் கையில ஊசியோ பஞ்சோ இருக்கும். வாங்கி உள்ள வெச்சிட்டு டிக் போட்டிருக்கேன். அது என் தப்புதான்."

இன்ஸ்பெக்டரம்மா பதிவேட்டைப் புரட்டினார். அந்தப் பெண் பதினெட்டு தடவை மருத்துவ அறைக்கு வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பஃப். கணக்கு சரி. ஆனால் பதினெட்டும் முதல் ஏழு வாரத்துக்குள் முடிந்துவிட்டன. அடுத்த ஏழு வாரத்தில் ஒரு வரிகூட இல்லை.

"இந்த ஏழு வாரம் அவ வரவே இல்லையா?"

"வரல மேடம். குணமாயிட்டு வருதுன்னு நினைச்சேன். சந்தோஷப்பட்டேன்."

"பாத்தீங்களா," என்றார் தலைமையாசிரியை. "கமிட்டி கேக்கறது இதைத்தான். ஆஸ்துமா என்ன, லீவு லெட்டர் குடுத்துட்டு ஏழு வாரம் லீவுலயா போகும்?"

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டரம்மாவுக்கே அந்த இடத்தில் நர்ஸ் மேல் லேசாகச் சந்தேகம் வந்தது. வேலை அதிகமானவர்கள் எழுதுவதை நிறுத்துவதை அவர் எத்தனையோ கடைகளில் பார்த்திருக்கிறார். மூக்கைச் சிந்திக்கொண்டு, பதிவேட்டையும் சிவப்புப் பை வந்துபோன நோட்டையும் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வா தம்பி. மைதானத்தைப் பாத்துடலாம்."

"படி இருக்கா?"

"இருபத்தி ரெண்டு."

"நடத்துநர் இல்லாத பயணம்," என்று முனகிக்கொண்டே பின்னால் இறங்கினான் மைக்.

மைதானத்தில் வேறொரு வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. பி.டி. மாஸ்டர் கூடைப்பந்துக் கம்பத்தின் அருகே நின்றிருந்தார். ஐம்பத்து நான்கு வயதுக்கு விறைப்பான முதுகு, மழித்த முகம், கழுத்தில் கயிற்றில் தொங்கும் பளபளப்பான விசில். பிள்ளைகள் திரும்ப வேண்டிய இடம் வந்ததும் இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். பிறகு ஒரு கையால் மறுபடியும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"விசில் எதுக்கு சார்? நகையா?" என்றான் மைக்.

மாஸ்டர் சிரித்தார். "பக்கத்துல வகுப்பு நடக்குது. ஊதினா தொந்தரவு."

அவர் தட்டிய சத்தத்தில் சுவரில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்துபோயிருந்தன. இன்ஸ்பெக்டரம்மா காலியான சுவரைப் பார்த்துக்கொண்டார். "திங்கட்கிழமை என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"நாலாவது ரவுண்டுல உக்காந்துட்டா. ஓடிப் போய்ப் பாத்தேன். பையில இருந்து எடுத்து அழுத்தினேன். வரல. உடனே தூக்கிட்டு ஓடினேன்."

"மருத்துவ அறை வரைக்குமா?"

ஒரு நொடி தாமதம். "பாதி வழி. அப்புறம் பெரிய வகுப்புப் பசங்க வாங்கிட்டாங்க. எனக்குக் கால் வழுக்கிடுச்சு." பிறகு, யாரும் கேட்காமலே, "நர்ஸம்மா தங்கமானவங்க. அவங்களை அனுப்பக் கூடாது. நீங்க கமிட்டில சொல்லுங்க," என்றார்.

"நீங்களே சொல்லலாமே?"

அவர் கம்பத்தைப் பார்த்தார். "நான் என்னன்னு சொல்றது?"

வகுப்பறைகளுக்கு வெளியே இருந்த பெஞ்சில் இன்ஸ்பெக்டரம்மா உட்கார்ந்தார். மைக் உள்ளே போய், வகுப்பாசிரியையிடம் பேசி, அந்தப் பெண்ணின் வகுப்பு வருகைப் பதிவேட்டை வாங்கி வந்தான். மூன்று நோட்டுகளையும் மடியில் அடுக்கிக்கொண்டு அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"வாரத்துக்கு எத்தனை பி.டி. பீரியட்?"

"மூணு."

"பதினாலு வாரம்?"

"நாப்பத்தி ரெண்டு. இதுக்கு என்னை வேலைக்கு வெச்சிருக்க வேண்டாம் அண்ணி, விரலே போதும்."

"ஏழாவது வாரத்துல ஒரு நாள் மழை, பீரியட் இல்லைன்னு பை நோட்டுல இருக்கு. அப்ப நாப்பத்தி ஒண்ணு. நூத்தி அறுபத்தி நாலை நாப்பத்தி ஒண்ணால வகு."

மைக் வகுத்தான். உதடு அசைந்தது, நின்றது. "நாலு. மிச்சமே இல்லாம நாலு."

"எழுதாம விட்ட கணக்கு இவ்வளவு ஒழுங்கா இருக்காது. கையில குத்துமதிப்பா அள்ளினா ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இது அளந்து எடுத்தது. ஒவ்வொரு பீரியடும் நாலு பஃப். பை மருத்துவ அறையில இருந்தப்ப ஒண்ணும் குறையல. வெளியில போனப்பதான் குறைஞ்சிருக்கு."

"அந்தப் பொண்ணே அடிச்சிருக்கலாமே?"

"அதுக்குத்தான் இது." வருகைப் பதிவேட்டில் ஒரு வரிசையை விரலால் தடவினார். "பத்தாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல். வாரம் முழுக்க வரல. பை நோட்டைப் பாரு. அந்த வாரமும் மூணு நாளும் இன்ஹேலர் மைதானத்துக்குப் போயிருக்கு. மூணு நாளும் மாஸ்டர் கையெழுத்து."

மைக் அந்த மூன்று கையெழுத்தையும் விரலால் எண்ணினான்.

"பிள்ளை வீட்டுல. மருந்து மட்டும் விளையாடப் போயிருக்கு," என்றான்.

"விசில் ஊத மூச்சு வேணும் தம்பி."

அவன் விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினான். ஊழியர்கள் ஆண்டுதோறும் நிரப்ப வேண்டிய உடல் தகுதிப் படிவம் அங்கே இருந்தது. ஒரு கேள்வியைப் படித்தான். இந்த முறை பஸ் நிலையக் குரலில் இல்லை. "கடந்த ஓராண்டில் மூச்சு தொடர்பான நோய்க்கு மருத்துவரைப் பார்த்ததுண்டா?"

"பாக்கலைன்னா, 'இல்லை'ன்னு எழுதறது பொய் ஆகாது," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. எழுந்திருக்க இரண்டு தடவை முயன்றார். மூன்றாவது தடவை மைக் கை கொடுத்தான். "இவ்வளவும் நம்ம ஊகம்தான். யாராவது கண்ணால பாத்திருக்கணும். வா, ஆஸ்பத்திரிக்கு."

குழந்தைகள் வார்டில் பதினாறு படுக்கை. அந்தப் பெண் ஜன்னலோரத்தில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். மெலிந்த, நீளமான கால்கள். தாய் அவர்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

"நீதான் நல்லா ஓடுவியாமே," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"எண்பது மீட்டர்ல ரெண்டாவது." குரல் தேய்ந்திருந்தது. "மூணாங் கிளாஸ்லேர்ந்து எல்லா மிஸ்ஸும் என்னை மரத்தடியில உக்காரச் சொல்லிடுவாங்க. மாஸ்டர் மட்டும்தான் மெதுவா ஓடிப் பாருன்னாரு."

"உன் இன்ஹேலர் எப்படித் தீர்ந்துச்சு?"

கேள்வி வரும் என்று அவள் தயாராகவே இருந்தாள். "நான்தான் அடிச்சேன். யாருக்கும் தெரியாம. பீரியடுக்கு முன்னாடி ரெண்டு, முடிஞ்சப்புறம் ரெண்டு. எல்லா பீரியடும். நர்ஸ் மிஸ் ஒண்ணும் பண்ணல."

மைக் இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தான். அந்த நாலை அவர்கள் இன்னும் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

"எல்லா பீரியடுமா?"

"எல்லாம்."

"உனக்குக் காய்ச்சல் வந்து வீட்டுல இருந்தியே, அந்த மூணு பீரியடும் யாரோ நாலு நாலா அடிச்சிருக்காங்கம்மா. நீ வீட்டுலேர்ந்தா அடிச்ச?"

பெண்ணின் கண்கள் நிறைந்தன. அழுதால் மூச்சு வாங்கும் என்று அவளுக்கே தெரியும். உதட்டைக் கடித்து, மெல்ல மெல்ல மூச்சை இழுத்து, அழுகையை அடக்கப் பழகியவள் போல அடக்கினாள். இன்ஸ்பெக்டரம்மா அவள் முதுகில் கை வைத்துக் காத்திருந்தார்.

"மாஸ்டர்கிட்ட சொல்லாதீங்க. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது."

"எப்பப் பாத்தே?"

"மழை பெஞ்ச அன்னிக்கு. எல்லாரும் உள்ள ஓடிட்டோம். நான் ஷூ எடுக்கத் திரும்பப் போனேன். சாமான் ரூம்ல மாஸ்டர் தரையில உக்காந்து, ரெண்டு கையையும் முட்டியில ஊனிக்கிட்டு..." அவள் தோளைத் தூக்கிக் காட்டினாள். ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சுக்குத் திணறும்போது உட்காருகிற அதே மாதிரி. "பாத்த உடனே தெரிஞ்சிடுச்சு. எனக்குத் தெரியாதா? அப்புறம் அடுத்த பீரியட்ல கவனிச்சுப் பாத்தேன். என்னோடதை எடுத்து அடிச்சுக்கிட்டாரு. அடிச்சிட்டு வந்து எங்களோட ஒரு ரவுண்டு ஓடினாரு."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா அவரையும் உக்கார வெச்சிடுவாங்க."

வார்டை விட்டு வெளியே வந்து, லிஃப்டுக்கு நிற்கும்போதுதான் இன்ஸ்பெக்டரம்மா மருத்துவ அறைப் பதிவேட்டை மறுபடி பிரித்தார். சும்மா, எதையோ சரிபார்க்கிற பழக்கத்தில். கடைசி வரியின் தேதியைப் பார்த்தார். பை நோட்டில் மழை பெய்த தேதியைப் பார்த்தார். லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடியது, போனது. அவர் ஏறவில்லை.

"அண்ணி?"

"ஒண்ணுமில்ல. படியிலயே இறங்கலாம்."

நான்கு மாடி. மைக் அவரைப் பார்த்த பார்வையில் கிண்டல் இல்லை, கவலைதான் இருந்தது.

மூன்றே காலுக்குப் பள்ளிக்குத் திரும்பினார்கள். பி.டி. மாஸ்டர் சாமான் அறையில் பந்துகளை வலைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரும் பதிவேட்டோடு நிற்பதைப் பார்த்ததும் கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தார்.

"நாப்பத்தி ஒரு பீரியட்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "பீரியடுக்கு நாலு."

அவர் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பில்லாதவர் போலப் பழைய ரப்பர் பாயின்மேல் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா இருக்கு. முதல்ல படி ஏறும்போது மட்டும். அப்புறம் ஓடும்போது. இந்தப் பருவ ஆரம்பத்துல ஒரு நாள் இங்கயே செத்துடுவேன்னு நினைச்சேன். பை பக்கத்துல இருந்துச்சு. ரெண்டு அடிச்சேன். அஞ்சு நிமிஷத்துல நெஞ்சு திறந்துடுச்சு. இத்தனை நாள் இதுக்கா பயந்தோம்னு இருந்துச்சு."

"டாக்டர்கிட்ட போயிருக்கலாமே சார்?" என்றான் மைக். நிஜமாகத்தான் கேட்டான்.

"போனா எழுதிக் குடுத்துடுவாரு. எழுதிட்டா படிவத்துல மறைக்க முடியாது. மூச்சு வாங்கற பி.டி. மாஸ்டரை எந்தப் பள்ளி வெச்சுக்கும்? எனக்கு வேற என்ன தெரியும்? ஓடவும் ஓட வைக்கவும்தான் தெரியும்."

"அந்த எண்ணைப் பாக்கவே இல்லையா?"

அவர் பாயின் கிழிந்த ஓரத்தைத் தடவினார். "வெள்ளிக்கிழமை பாத்தேன். பூஜ்யம். ரெண்டு நாள் லீவு. திங்கட்கிழமை நர்ஸம்மாகிட்ட சொல்லிடணும்னுதான் வந்தேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அதுக்குள்ள பெல் அடிச்சிடுச்சு. அவளுக்கு ரெண்டு மாசமா ஒண்ணும் வரலையே, இன்னிக்கு மட்டுமா வரப்போகுதுன்னு..." முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "அவளுக்கு வரவே இல்லைம்மா. சத்தியமா. ரெண்டு மாசமா அவ இன்ஹேலர் கேக்கவே இல்ல. குணமாயிடுச்சுன்னுதான் நினைச்சேன்."

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. ஒரு கவிழ்த்த பெட்டியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். பதிவேட்டைப் பிரித்து அவர் பக்கம் திருப்பினார்.

"இதைப் பாருங்க. இது அவ மருத்துவ அறைக்கு வந்த கணக்கு. பதினெட்டு தடவை. கடைசித் தடவை எந்தத் தேதி?"

அவர் படித்தார்.

"மறுநாள்தான் மழை பெஞ்சுது. ஷூ எடுக்க இந்த ரூமுக்குத் திரும்பி வந்தா. நீங்க தரையில உக்காந்து மூச்சு விட முடியாம இருந்ததைப் பாத்தா. அன்னியிலேர்ந்து ஒரு தடவைகூட அவ இன்ஹேலர் கேட்டு வரல. அவளுக்குக் குணமாகல மாஸ்டர். இருநூறுதான் இருக்கும்னு அவளுக்குத் தெரியும். பின்னாடி எண் குறைஞ்சிக்கிட்டே வர்றதும் தெரியும். உங்களுக்குப் பத்தணும்னு தன் பங்கை விட்டுட்டா. ஏழு வாரம். மூச்சு இழுக்கும்போதெல்லாம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்திருக்கா."

மாஸ்டர் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகை என்று நினைத்தார்கள். பிறகுதான் தோள் மேலேறுவதும், கழுத்து நரம்பு புடைப்பதும் தெரிந்தன. மைக் ஒரே பாய்ச்சலில் வெளியே ஓடினான். அவன் குரல் மைதானத்தைத் தாண்டி, வகுப்பறைகளைத் தாண்டி, மருத்துவ அறை வரை போனது. "நர்ஸம்மா! சாமான் ரூம்! உடனே!"

நர்ஸ் ஓடி வந்தார். கையில் ஒரு பிள்ளையின் பெயர் ஒட்டிய இன்ஹேலர். வாசலில் நின்று ஒரு நொடி இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தார். இன்னும் நாற்பது நிமிஷத்தில் இதே குற்றத்துக்குத்தான் அவர் மேல் விசாரணை. அந்த ஒரு நொடிதான். மண்டியிட்டு, மாஸ்டரின் முதுகை நிமிர்த்தி, வாயில் வைத்தார். "இழுங்க. மெதுவா. வெளிய விடாதீங்க. இன்னொண்ணு." அழுத்துவதற்கு முன்னும் பின்னும், பின்பக்கத்து எண்ணைப் பார்த்துக்கொண்டார்.

கமிட்டி நாலு மணிக்குக் கூடியது. இன்ஸ்பெக்டரம்மா உள்ளே போகவில்லை. போக வேண்டிய அவசியம் வரவில்லை. மூச்சு நிலைப்பட்டதும் மாஸ்டரே எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, யாரும் கூப்பிடுவதற்கு முன்பே கதவைத் தட்டிவிட்டு நுழைந்துவிட்டார். நர்ஸும் தலைமையாசிரியையும் பின்னால் போனார்கள். மகளைப் பக்கத்துப் படுக்கைக்காரப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, நர்ஸுக்காகப் பேச வந்திருந்த தாயும் போனாள்.

மைக் கதவோரம் நின்று கேட்டு, பெஞ்சுக்கு வந்து வந்து சொன்னான். நர்ஸ் மேல் இருந்த திருட்டுப் புகார் பத்து நிமிஷத்தில் விழுந்துவிட்டது. விதி ஏழு மட்டும் விழவில்லை. ஒருவரின் மருந்தை மற்றவருக்குக் கொடுத்தது தவறு என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "எழுதித் தரேன். ஆனா ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி மறுபடியும் அதைத்தான் செஞ்சேன், நாளைக்கும் செய்வேன்னு அதுக்குக் கீழயே எழுதுவேன்" என்றார் நர்ஸ். எல்லாரும் தலைமையாசிரியையைப் பார்த்தார்கள். அவர் விதிப் புத்தகத்தைத் தன் முன்னால் இழுத்துப் பேனாவால் விதி ஏழில் ஒரு வரியைச் சேர்த்தார். உயிருக்கு ஆபத்து என்றால் நர்ஸ் முடிவே இறுதி. கூடவே இன்னும் இரண்டு முடிவு: அலமாரியில் பள்ளிக்குச் சொந்தமாக இரண்டு இன்ஹேலர். ஆஸ்துமா உள்ள பிள்ளை தன்னுடையதைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். நர்ஸுக்கு உதவியாக இன்னொருவர் வேண்டும் என்று கேட்டதற்கு மட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

"மாஸ்டர்?"

"விசாரணை முடியிற வரைக்கும் பள்ளிக்கு வர வேண்டாம்னுட்டாங்க. சரின்னுட்டாரு." மைக் பக்கத்தில் உட்கார்ந்தான். "நாம ஜெயிச்சிட்டோமா அண்ணி?"

"தெரியலப்பா."

கதவு திறந்தது. மாஸ்டர் முதலில் வெளியே வந்தார். பின்னாலேயே தாய். வராந்தாவின் நடுவில் அவர் நின்று திரும்பினார். அவள் அவரைவிட ஒரு தலை உயரம் குறைவு. கைகளில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்புகள். அந்தக் கை ஒரு தடவை உயர்ந்து, பாதியில் நின்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"உங்களை அறையணும்னுதான் பின்னாலயே வந்தேன் சார். கமிட்டில நீங்க சொல்லச் சொல்ல, வெளிய வரட்டும்னு இருந்தேன். இப்ப கையே எழும்ப மாட்டேங்குது. மூணு நாளா நான் தூங்கல."

"அடிங்கம்மா," என்றார் மாஸ்டர்.

"அடிச்சிட்டு அவகிட்ட என்ன சொல்றது? ஏழு வாரம் மூச்சைப் புடிச்சிக்கிட்டு உங்களை நிக்க வெச்சிருக்கா. எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லல."

வராந்தாவில் கடைசி மணி அடித்தது. பிள்ளைகள் இருபுறமும் பிரிந்து அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். இருவரும் அசையாமல் நின்றார்கள். கூட்டம் ஓயும்வரை தாய் காத்திருந்தாள்.

"அவளைப் பாக்கணுமா?"

மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

"காலைல எட்டரைக்கு நெஞ்சு டாக்டருக்கு டோக்கன் குடுப்பாங்க. வரிசையில நிக்க ஏழு மணிக்கே போகணும். நான் போயி அவளுக்கும் உங்களுக்குமா ரெண்டு எடுத்து வெக்கறேன். முதல்ல அவர்கிட்ட காட்டுங்க. அப்புறம் வார்டுக்கு வாங்க."